வேண்டாம் என்று சொல்லாதவர் வீட்டுப் பூனை

எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வராததற்குக் காரணம், எங்கள் தெருவிலேயே குடியிருந்த தண்ணீர்க்காரர்தான். ஊருக்கெல்லாம் வால்வு திறந்து மூடுகிற வேலை அவருக்கு. நாங்கள் இருந்தது கடைசித் தெரு. அதில் கடைசி வீடு அவருடையது, அதற்கு முந்தையது எங்களுடையது. ஒருநாள் விட்டு ஒருநாள் வரும் ஒகேனக்கல் தண்ணீர் மேட்டுத் தெருவில் தொடங்கி, ஒவ்வொரு தெருவாக இறங்கி எங்களிடம் வந்து சேர்வதற்குள் டேங்க் காலியாகிவிடும். எங்கள் குழாயில் காற்றுதான் வரும்.

அவரைத் திட்டவும் முடியாது, அதுதான் எரிச்சல். மேட்டுத் தெருவில் ஒரு அம்மா வாசலுக்கு வந்து, "அண்ணா, இன்னும் ரெண்டு கொடந்தான், செத்த இருங்க" என்பார். இவர் அந்த நீளமான வால்வுச் சாவியை ஊன்றிக்கொண்டு நிற்பார். அந்த அம்மா முடிப்பதற்குள் அடுத்த வீட்டில் துணி ஊறப் போட்டிருப்பார்கள். அதற்கும் நிற்பார். அதற்கடுத்த வீட்டில் யாரோ தலைக்குச் சோப்பு போட்டுக்கொண்டு குளியலறைக்குள்ளிருந்தே குரல் கொடுப்பார்கள். தலையில் சோப்போடு இருக்கிற மனிதனை எப்படி விட்டுவிட்டுப் போவது என்று அதற்கும் நிற்பார்.

அவர் மனைவியை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருமுனை போர்வெல் குழாய்க்குப் போகும்போது என்னிடம் சொல்வார்: "ஊருக்கே தொறந்து வுடறாரு, சொந்த வூட்டுக்கு உப்புத் தண்ணி. எங்கப்பன் நல்லா எடம் பாத்துத்தான் குடுத்தான் போ."

கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "ஆசையா கேக்கறாங்க கண்ணு. மாட்டேன்னா மூஞ்சி சுண்டிடும்ல."

மற்றவர்களின் முகம் சுண்டிவிடக் கூடாது. இதற்காகவே அந்த மனிதர் வாழ்ந்தார் என்று நினைக்கிறேன். பஸ்ஸில் யார் எதை விற்றுக்கொண்டு வந்தாலும் வாங்கிவிடுவார். அவர் வீட்டில் சீப்புகள் மட்டும் ஒரு டப்பா நிறைய இருந்தன. அவருக்கோ தலையில் முடி என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒருமுறை பாப்பாரப்பட்டிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனவரை, பக்கத்து மண்டபத்து வாசலில் நின்றவர் கையைப் பிடித்து, "வாங்க வாங்க, இப்பத்தான் வர்றதா" என்று இழுத்துப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். இவர் உட்கார்ந்து, யாரென்றே தெரியாதவர்களின் கல்யாணச் சாப்பாட்டை மோர் வரைக்கும் சாப்பிட்டார். பிறகு சரியான மண்டபத்துக்குப் போனார். அங்கேயும் கூப்பிட்டார்கள், அங்கேயும் உட்கார்ந்தார். அன்று பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு வரப் பட்ட பாட்டை அக்கா சொல்லச் சொல்ல, எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது.

நான் அப்போது மாரண்டஹள்ளியில் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலையில் இருந்தேன். அதனால் தெருவில் யாருக்கு என்ன நோய் என்றாலும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். இவர் வந்தது பூனைக்காக.

பூனை அவருடைய மகளுடையது. ஒரே மகள். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து ஹாஸ்டலுக்குப் போனாள். பூனையைக் கூட்டிப்போக முடியாது. பஸ் ஏறும்போது அதை அப்பாவின் கையில் கொடுத்து, "அப்பா, நீ பாத்துக்கோ" என்று அழுதாளாம். செம்பட்டையும் வெள்ளையுமாக, பொம்மை மாதிரி இருக்கும். அக்காவின் பிறந்த வீடு பென்னாகரத்துக்கு அந்தப்பக்கம், வீட்டில் பேசுவது கன்னடம். பூனையை அக்கா 'பெக்கு' என்றுதான் கூப்பிடுவார். கன்னடத்தில் பூனைக்கு அதுதான் பேர். அதுவே அதற்குப் பேராக நிலைத்துவிட்டது.

பெக்குவுக்கு அரிப்பு. எப்போது ஆரம்பித்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. முதலில் காதுக்குப் பின்னால் சொறிந்தது. பிறகு கழுத்து. பிறகு வயிற்றை நக்கி நக்கி முடியே இல்லாமல் ஆக்கிவிட்டது. பின்னங்காலால் அது கழுத்தைப் பிறாண்டுகிற சத்தம் சுவருக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்கும். சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்து சொறியும். தூங்குகிற பூனை தூக்கத்திலேயே திடுக்கிட்டு எழுந்து சொறியும். பார்க்கிற நமக்கே உடம்பெல்லாம் நமைச்சல் எடுக்கும்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். பூசினார். தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சித் தடவச் சொன்னார் இன்னொருவர். தடவினார். சீயக்காய் போட்டுத் தேய்த்துக் குளிப்பாட்டச் சொன்னார்கள். அதையும் செய்து, இரண்டு கையிலும் கீறல் வாங்கிக்கொண்டு கடைக்கு வந்தார்.

"எல்லாத்தையுமா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"நல்லதுக்குத்தானே சொல்றாங்க. கேட்டுட்டு வுட்டா நாளைக்கி என்னாச்சுன்னு கேப்பாங்கல்ல."

பூனை மஞ்சளை நக்கித் தீர்த்தது. எண்ணெயை நக்கித் தீர்த்தது. அதற்குப் பிறகு வாந்தி எடுத்தது. அரிப்பு மட்டும் அப்படியே இருந்தது.

பெரிய ஆபத்து மச்சான் ரூபத்தில் வந்தது. அக்காவின் அண்ணன் ஆடு வைத்திருப்பவர். ஒருநாள் தங்கையைப் பார்க்க வந்தவர் பூனையைத் தூக்கிக் காதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது உண்ணி மாப்ள. எங்க ஆட்டுக்குப் போடற மருந்து இருக்கு, ஒரே தடவ, அவ்வளவும் உதுந்துடும்" என்றார். அடுத்த முறை வந்தபோது மறக்காமல் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு வந்தார். ஆடு மாடு வைத்திருக்கிற வீடுகளில் அது சாதாரணம். தண்ணீரில் கலந்து துணியால் துடைத்துவிட்டால் ஆட்டின் மேல் ஒரு உண்ணி நிற்காது. அக்காவும், தன் அண்ணன் கொண்டுவந்தது என்பதால், ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லை. இவரைக் கேட்கவே வேண்டாம். மச்சான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க, பூனையைத் துடைத்துவிட்டார்.

மச்சான் போய்க் கொஞ்ச நேரத்தில் பெக்குவுக்கு வாயில் எச்சில் ஒழுகியது. பிறகு கால்கள் நடுங்கின. நிற்கப் பார்த்துச் சரிந்து சரிந்து விழுந்தது. அக்கா என்னைக் கூப்பிட்ட குரலில் நான் கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். இவர் பூனையை லுங்கித் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் வீட்டுக்காரர் வண்டியை எடுத்தார். கால்நடை ஆஸ்பத்திரியில் ஒரு லேடி டாக்டர், சின்னப் பெண். மருந்துப் பாட்டிலை முகர்ந்து பார்த்ததும் பூனையைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போய், சோப்புத் தண்ணீரில் அலசு அலசென்று அலசினார். பிறகு ஊசி, குளுக்கோஸ். நடுக்கம் நிற்கும் வரை அதைத் துண்டில் சுற்றிச் சூடாக வைத்திருந்தார்.

பூனை பிழைத்தது. டாக்டர் வெளியே வந்து இவரைப் பார்த்தார்.

"ஆட்டுக்குப் போடறத பூனைக்குப் போடலாமாங்க? ஆடு மேலெல்லாம் நக்கிட்டு இருக்காது. இது பொழுதுக்கும் தன்னை நக்கிட்டேதான் இருக்கும். நீங்க மேல தடவறது எல்லாம் அது வயித்துக்குள்ளதான் போகும்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "மச்சான் ஆசையா கொண்டாந்தாருங்க" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

அந்த டாக்டர்தான் முறையாக ஆரம்பித்தார். முதலில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பல் நெருக்கமான பேன் சீப்பால் வாரி, விழுகிற கறுப்புத் தூளை ஈரமான வெள்ளைத் துணியில் தட்ட வேண்டும். தூள் ஊறி ரத்த நிறமாகப் பரவினால் அது தெள்ளுப்பூச்சி வேலை. பஸ்ஸில் வாங்கிய சீப்பு டப்பாவில் ஒரு பேன் சீப்பும் இருந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக அவர் வாங்கிய ஒன்று உபயோகப்பட்டது என்றார் அக்கா. துணியில் சிவப்பாகப் பரவியது. பூனைக்கென்றே இருக்கிற சொட்டு மருந்தை, அதன் நாக்கு எட்டாத பிடரியில், மாதத்துக்கு ஒருமுறை விடச் சொன்னார் டாக்டர். படுக்கிற துணியை வாரா வாரம் வெந்நீரில் அலச வேண்டும். கட்டிலடி, பாய்மடிப்பு, மூலை முடுக்கு எல்லாம் கூட்டிச் சுத்தமாக வைக்க வேண்டும்.

வெந்நீருக்குத் தண்ணீர் வேண்டுமே. உப்புத் தண்ணீரில் துணி சுத்தமாகாமல் விறைத்துப்போகும் என்று அக்கா மேலே முந்தைய தெருவுக்கு ஏறிப்போய் நல்ல தண்ணீருக்கு நிற்பார். ஊருக்குத் தண்ணீர் விடுகிறவரின் மனைவி, பூனைத் துணி அலச அடுத்தவர் வாசலில் குடத்தோடு நிற்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்தைப் பிறாண்டாமல் இருக்க, பழைய பாவாடைத் துணியில் பஞ்சு வைத்து ஒரு பட்டை தைத்துக் கட்டியதும் அக்காதான். நகம் வெட்டும்போது பூனையைப் பிடித்துக்கொள்வது இவர் வேலை. அதில் மட்டும் கெட்டி. பேசிக்கொண்டே பிடித்திருப்பார், அது கண்ணை மூடிக்கொள்ளும்.

தெள்ளுப்பூச்சி போயிற்று. அரிப்பு பாதி குறைந்தது. மீதிப் பாதி நின்றது. சாப்பாட்டில் எதுவோ சேரவில்லை என்று டாக்டர் சந்தேகப்பட்டார். பெக்கு அதுவரை தின்னாத ஒன்றை மட்டும் ரெண்டு மாசம் கொடுத்துப் பார்க்க வேண்டும். பால் கூடாது, கோழி கூடாது, மீன் கூடாது, கருவாடு கூடவே கூடாது. உப்பு காரம் இல்லாமல் வேக வைத்த ஆட்டுக்கறி, அதில் கலக்க அவர் எழுதித் தந்த ஒரு சத்துப் பொடி. வேறு எதுவும் ஒரு வாய்கூடப் போகக் கூடாது. போனால் திரும்ப முதலிலிருந்து.

"நாம ரசஞ்சோறு. துரைசானிக்கி ஆட்டுக்கறி" என்று சொல்லிக்கொண்டே அக்கா கறி வேக வைத்தார்.

பெக்குவுக்கு அரிப்பு குறைந்தது, பிறகு திரும்பக் கூடியது. மறுபடி முதலிலிருந்து. மறுபடி குறைந்தது, மறுபடி கூடியது. அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். கதவைச் சாத்தி வைத்தார். எலி பிடித்துத் தின்கிறதோ என்றுகூடச் சந்தேகப்பட்டோம். ஒருநாள் அவருடைய டிபன் கேரியரைக் கழுவ எடுத்த அக்கா, அப்படியே அதைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டார். அடித் தட்டில் மீன் தலை.

வால்வு திறக்கப் போகிற தெருவெல்லாம் விசாரிப்பார்கள்: உங்க பூனை எப்படி இருக்குது? இவர் சொல்வார். உடனே உள்ளே போய் ஒரு மீன் தலையோ, நாலு கருவாடோ, "பாவம், இதக் குடுங்க" என்று கொண்டுவந்து கொடுப்பார்கள். வாங்கிக்கொள்வார். வாங்கியதைச் சாக்கடையில் போட மனம் வராது. அக்கா தண்ணீருக்குப் போயிருக்கும் நேரத்தில் பெக்குவுக்கு வைத்துவிடுவார்.

"வேண்டாம்னு ஒரு வார்த்த. அது வாயில வராதா உனக்கு?" என்று அவர் வீடு வந்ததும் அக்கா கேட்டார். அவரை 'நீ' என்று அக்கா சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

"ஆசையா குடுக்கறாங்க புள்ள."

"பெக்குகிட்டப் போயி இதச் சொல்லு."

அந்த வாரமே கழுத்தில் சொறிந்த புண் வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. தொட்டால் சீறியது, சாப்பிடவில்லை. டாக்டர் சீழை எடுத்துக் கட்டுப் போட்டார். அரிப்புக்கு ஊசியும் போட்டார். பிறகு இவரிடம் சொன்னார்: "இந்த ஊசியையே போட்டுட்டு இருந்தா வேற வியாதி வந்து சேரும். இது ஒரேயடியா சரியாயிடும்னு நான் சொல்லல. கட்டுக்குள்ள வெக்கலாம். ஆனா அதுக்கு வாய் இல்லீங்க. அதுக்காக வேண்டாம்னு சொல்ற வாய் உங்களுதுதான்."

அதற்குப் பிறகு தெருவில் யார் பூனையை விசாரித்தாலும், "இருக்குதுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவாராம். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, கொடுக்க இடமில்லாமல் நழுவக் கற்றுக்கொண்டார். மூன்றாம் முறை ஆரம்பித்த ஆட்டுக்கறி அப்படித்தான் நிலைத்தது. ரெண்டு மாசம் முடிய இன்னும் கொஞ்சம்தான் இருந்தது. கழுத்தில் மயிர் மெல்ல முளைத்திருந்தது. அப்போது பொங்கல் வந்தது, மகள் வந்தாள்.

மகளுக்கு விஷயம் முழுதாகத் தெரியாது. சாயங்காலம் வீடியோ காலில் கூப்பிடுவாள். இவர் பூனையின் முகம் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்குதும்மா, லேசா அரிப்பு, அவ்வளவுதான்" என்பார். அவள் முகமும் சுண்டக் கூடாதே.

நான் பொங்கல் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனபோது அந்தப் பெண் பையைக்கூட அவிழ்க்காமல் தரையில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பெக்கு. கழுத்துப் பட்டையையும் வயிற்றுச் சொட்டையையும் தடவித் தடவிக் கண் கலங்கியிருந்தாள்.

"லேசா அரிப்புன்னு சொன்னியேப்பா."

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பையிலிருந்து பளபளவென்று ஒரு பாக்கெட்டை எடுத்தாள். முதல் சம்பளத்திலேயே வாங்கி வைத்தாளாம். பூனைகளுக்கென்றே விற்கிற தீனி, மீன் ருசி. பாக்கெட்டைக் கிழித்ததும் வாசம் எங்களுக்கே அடித்தது. பெக்கு மடியிலிருந்து எழுந்து, அவள் கையைப் பார்த்து, இத்தனை மாதமாகக் கத்தாத ஒரு கத்தல் கத்தியது.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார். வாயைத் திறக்கப் போனவர் ஏனோ நிறுத்திக்கொண்டார். அவர் பார்த்தது பூனையை அல்ல, புருஷனை.

"வேண்டாம்மா" என்றார் அவர்.

குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது. மகளுக்குப் புரியவில்லை. "இது பூனைக்கின்னே உள்ளதுப்பா. ஒண்ணே ஒண்ணு."

"வேண்டாம். ஒண்ணுகூட வேண்டாம். குடு இங்க."

கையை நீட்டினார். மகளின் முகம் சுண்டிப்போயிற்று. அவர் வாழ்நாளெல்லாம் எதைப் பார்க்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் நின்று கொடுத்தாரோ, அதைத் தன் பெண்ணின் முகத்தில் பார்த்துக்கொண்டே நின்றார். பார்வையைத் திருப்பவில்லை. அவள் பாக்கெட்டைக் கொடுத்தாள். அவர் அதை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, அலமாரியின் மேல் தட்டில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். நான் போகும்போது பார்த்தேன், வேப்பமரத்தடியில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கிண்ணத்தைப் பிறகு வாங்கிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அரிப்பு நன்றாக அடங்கிய பிறகு, டாக்டர் சொன்னபடி ஒவ்வொன்றாகத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். கோழி ஒன்றும் செய்யவில்லை. மீனை வைத்த மூன்றாம் நாளே காதுக்குப் பின்னால் சிவந்துவிட்டது. ஊரே அன்பாகக் கொடுத்தனுப்பிய மீன்தான் அதற்கு ஆகாதது. பெக்கு முழுக்கக் குணமானது என்று சொல்ல முடியாது. மழைக்காலத்தில் சொறியும். சீப்பு, சொட்டு மருந்து, வெந்நீர்த் துணி எல்லாம் நிற்காமல் நடந்தன. ஆனால் அது விடாமல் தூங்கியது. சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கும் அந்தச் சத்தம் கேட்காமல் போயிற்று. பிறகு நாங்கள் தர்மபுரிக்கு மாறி வந்துவிட்டோம். அவர்கள் மகளோடு ஓசூருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன், பூனையோடு.

எனக்கு அவரை நினைத்தால் வருவது பொங்கல் கழிந்து மகள் பஸ் ஏறிய மறுநாள் காலைதான். நான் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் ஏதோ கொட்டுகிற சத்தம். எங்கள் குழாயை நாங்கள் மூடி வைப்பதே இல்லை. மூடி என்ன, திறந்து என்ன. அதிலிருந்து தண்ணீர் கை தடிமனுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது. கீழே குடம் இல்லை, வாளி இல்லை. மண்ணில் குழி பறித்துக்கொண்டு தெருவில் ஓடியது. அக்கா இரண்டு கையிலும் பாத்திரத்தோடு தன் வாசல் குழாய்க்கு ஓடி வந்தார். அவருக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை.

வால்வுச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் தெருமுனையில் திரும்பி வந்தார். வழக்கமாக வருகிற நேரத்தைவிட ரொம்ப சீக்கிரம்.

"ஏங்க" என்றார் அக்கா, வாளியைக் குழாயடியில் தள்ளியபடி. "மேட்டுத் தெருவுல இன்னிக்கி யாரும் செத்த இருங்கன்னு கேக்கலையா?"

அவர் சாவியைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஆணியில் தொங்கிய பெக்குவின் படுக்கைத் துணியை எடுத்து, நிறைந்துகொண்டிருந்த வாளியில் முக்கினார்.

"கேட்டாங்க" என்றார்.